ஆர்.சி. கார் ஷாக்கில் எண்ணெய் மாற்றுவது எப்படி?

முதலில் ஒரு சின்னச் சோதனை. உங்கள் ஆர்.சி. காரை, அதாவது ரிமோட்டால் ஓட்டும் சிறிய காரை, மேசைமேல் வைத்து, முன்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுங்கள். கார் ஒரே மூச்சில் மேலே எழுந்து அப்படியே நின்றால் நல்லது. எழுந்து, மறுபடி அமுங்கி, இரண்டு மூன்று தடவை ஆடிவிட்டுத்தான் நிற்கிறதா? அழுத்தும்போது உள்ளே ‘சளக் சளக்’ என்று சத்தம் கேட்கிறதா? அப்படியானால் ஷாக்கில், அதாவது துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரில், எண்ணெய் குறைந்து, அந்த இடத்தில் காற்று புகுந்திருக்கிறது. பின்பக்கத்தையும் இதேபோல் அழுத்திப் பாருங்கள்.

புதிதாக வருகிறவர்கள் பலர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். கார் துள்ளுகிறது என்றால் கெட்டியான ஸ்பிரிங் வாங்குகிறார்கள். வளைவில் சரிகிறது என்றால் டயரை மாற்றுகிறார்கள். என் முதல் பக்கியில் (மண் தரையில் ஓட்டும் ஒரு வகை ஆர்.சி. கார்) எனக்கும் இதே அனுபவம்தான். மேட்டிலிருந்து பறந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் கார் வலது பின்பக்கமாகவே சாய்ந்தது. ஸ்பிரிங்கை மாற்றினேன், உயரத்தை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நான்கு ஷாக்குகளையும் கழற்றிக் கையில் வைத்து அழுத்தியபோது காரணம் பிடிபட்டது. மூன்றில் எண்ணெய் நிறைந்திருந்தது, நான்காவதில் பாதிகூட இல்லை. பெட்டியிலிருந்து எடுத்த நாளிலேயே அது அப்படித்தான் இருந்திருக்கிறது. எண்ணெய் ஊற்றி மாட்டியதும் கார் நேராக இறங்க ஆரம்பித்தது. அதனால் இப்போதெல்லாம், ஓட்டத் தயாரான நிலையில் விற்கப்படும் கார் எதுவானாலும், முதல் பேட்டரியைப் போடுவதற்கு முன்பே ஷாக்கைத் திறந்து பார்த்துவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஸ்பிரிங் காரைத் தாங்குகிறது. சக்கரம் கல்லில் ஏறும்போது சுருங்கி, வாங்கிய ஆற்றலை உடனே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஸ்பிரிங் மட்டும் இருந்தால் கார் பந்துபோலத் துள்ளிக்கொண்டே போகும். அந்தத் துள்ளலை அடக்குவது எண்ணெய். குழாய் போன்ற பாடிக்குள் ஒரு ஷாஃப்ட் இருக்கும். அதன் நுனியில், ஓட்டை போட்ட சின்ன பிஸ்டன் ஒன்று மாட்டியிருக்கும். ஷாஃப்ட் மேலும் கீழும் போகும்போது எண்ணெய் அந்த ஓட்டைகள் வழியாக நெருக்கியடித்துக்கொண்டுதான் போக முடியும். அந்த இழுபறியில் துள்ளலின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. கரடுமுரடான தரையில் வெகுநேரம் ஓட்டிவிட்டு ஷாக்கைத் தொட்டால் சூடு தெரிவது இதனால்தான்.

காற்றுக்கு இந்தத் தடை கிடையாது. பிஸ்டன் ஓட்டை வழியாகச் சுலபமாகப் போய்விடும். அதனால் காற்று நிற்கும் இடத்தைப் பிஸ்டன் கடக்கும்போது அடக்கும் பிடி திடீரென்று விட்டுப்போகிறது. ‘சளக்’ என்ற சத்தம் அந்த இடத்தில்தான் வருகிறது.

இன்னொரு விஷயம் புரிந்துவிட்டால், நிரப்பும் முறை தானாகவே விளங்கிவிடும். ஷாஃப்ட் உள்ளே போகும்போது அதுவும் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்கிறது. 3 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட் 25 மி.மீ. உள்ளே போகிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 177 கன மி.மீ. வரும், அதாவது 0.18 மி.லி. அளவில் மிகச் சிறியதுதான். ஆனால் எண்ணெய் சுருங்காது. பாடி முழுக்க எண்ணெயை அடைத்து மூடிவிட்டால் அந்த 0.18 மி.லி.க்குப் போக இடம் இல்லை, ஷாஃப்ட் பாதியிலேயே நின்றுவிடும். அதனால் விட்டுக்கொடுக்கிற ஏதோ ஒன்று உள்ளே இருக்க வேண்டும்.

அது எது என்பதை வைத்து ஷாக்குகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். மூடியைத் திறந்தால் அதன் அடியில் கிண்ணம் போன்ற மெல்லிய ரப்பர் இருக்கிறதா? அது பிளாடர் வகை. எண்ணெய் ஒரு பக்கம், காற்று மறுபக்கம், நடுவில் ரப்பர். ஷாஃப்ட் உள்ளே வரும்போது ரப்பர் விட்டுக்கொடுக்கும், எண்ணெயோடு காற்று கலக்காது. ரப்பர் இல்லாமல், மூடியின் உச்சியில் சின்ன ஸ்க்ரூ ஒன்று இருந்தால் அது எமல்ஷன் வகை. இதில் எண்ணெய்க்கு மேலே கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். ஓடும்போது அங்கிருக்கும் காற்று எண்ணெயோடு கலந்து நுரையாகும்.

மூன்றாவதாக, எண்ணெயே இல்லாத ஷாக்கும் உண்டு. மலிவான சிறிய கார்களில் வெறும் ஸ்பிரிங்கும் பிளாஸ்டிக் குழாயும்தான் இருக்கும். அடியில் ரப்பர் வளையம் இல்லாத ஷாக்கில் எண்ணெய் ஊற்றினால் அத்தனையும் தரையில்தான். அதைத் திறந்து பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எந்த எண்ணெய்?

சிலிக்கோன் ஷாக் ஆயில் மட்டுமே. என்ஜின் ஆயில், பைக்கின் ஃபோர்க் ஆயில், தையல் மெஷின் எண்ணெய், சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். சூடேறினால் எல்லா எண்ணெயும் நீர்த்துப்போகும்தான், ஆனால் சிலிக்கோன் எண்ணெய் மற்றவற்றைவிட மிகக் குறைவாகவே மாறும். பெட்ரோலிய எண்ணெய்கள் ஷாக்கில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான சிலிக்கோன் ஓ-ரிங்குகளை உப்ப வைத்துக் கெடுத்தும் விடும்.

பாட்டிலில் இரண்டு விதமான எண்களைப் பார்ப்பீர்கள். ஒன்று வெயிட், இன்னொன்று சென்டிஸ்டோக்ஸ். எண் கூடக் கூட எண்ணெய் கெட்டி. சென்டிஸ்டோக்ஸ் என்பது அளந்து சொல்லும் அறிவியல் அலகு. தண்ணீர் ஏறக்குறைய 1 சென்டிஸ்டோக்ஸ் என்றால், 350 என்பது எவ்வளவு கெட்டி என்று ஊகித்துக்கொள்ளலாம். வெயிட் அப்படி இல்லை, நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். டீம் அசோசியேட்டட் கணக்கில் 30 வெயிட் என்றால் 350 சென்டிஸ்டோக்ஸ், 35 வெயிட் 425, 40 வெயிட் 500. வேறு நிறுவனத்தின் 40 வெயிட்டை வாங்கி முன் ஷாக் ஒன்றில் இதையும் மற்றதில் அதையும் ஊற்றினால் இரண்டும் ஒன்றாக இருக்காது. ஒரே நிறுவனத்தின் எண்ணெயையே தொடர்ந்து வாங்குங்கள், முடிந்தால் சென்டிஸ்டோக்ஸ் எண்ணை வைத்தே பேசிப் பழகுங்கள்.

ஆரம்பத்தில் எந்த எண்? காரோடு வந்த கையேட்டில் போட்டிருக்கும் எண்தான். அது கிடைக்காவிட்டால், மண் தரையில் ஓடும் சாதாரண 1/10 அளவுக் காருக்கு (நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு) 350 சென்டிஸ்டோக்ஸ் அருகில் ஆரம்பிப்பது பத்திரம். 1/8 அளவுக் கார்கள் எடை கூடியவை, 500 பக்கம் போகலாம். பாறையில் மெதுவாக ஏறும் கிராலர்களுக்கு இதைவிடத் தண்ணியான எண்ணெய் பொருந்தும். வெயில் கடுமையாக இருக்கும் நாளில் ஒரு படி கெட்டியாகவும், குளிர் நாளில் ஒரு படி தண்ணியாகவும் போடுவது வழக்கம்.

ஒரு எச்சரிக்கை. டிஃபரன்ஷியலுக்கான (இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி) சிலிக்கோன் எண்ணெயும் இதே மாதிரி பாட்டிலில்தான் வருகிறது. ஆனால் அதன் எண்கள் 5000, 10000 என்று போகும். அவசரத்தில் அதை ஷாக்கில் ஊற்றினால் ஷாஃப்ட் தேனில் மாட்டியதுபோல் நகரும். ஊற்றுவதற்கு முன் ஒரு தடவை பாட்டிலைத் திருப்பிப் படித்துவிடுங்கள்.

கழற்றுவது

மேசையில் பழைய வெள்ளைத் துணி ஒன்றை விரியுங்கள். சின்ன பாகங்கள் உருண்டு ஓடாது, கீழே விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் டிஷ்யூ பேப்பர் நிறைய வேண்டும். காரின் ஸ்க்ரூக்களுக்குப் பொருந்தும் ஹெக்ஸ் டிரைவர், ஒரு நோஸ் பிளையர், பழைய எண்ணெயை ஊற்ற ஒரு கிண்ணம், இவை போதும். ஷாஃப்ட்டைப் பிடிப்பதற்கென்றே அரைவட்டப் பள்ளம் வைத்த பிளையர் விற்கிறார்கள். தொடர்ந்து இந்த வேலையைச் செய்யப் போகிறீர்கள் என்றால் முதலில் வாங்க வேண்டிய கருவி அதுதான்.

நான்கையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். முன் ஜோடியை முடித்துவிட்டுப் பின் ஜோடிக்குப் போங்கள். பிஸ்டன், ஸ்பிரிங், ஷாஃப்ட்டின் நீளம் எல்லாம் முன்னுக்கும் பின்னுக்கும் வேறாக இருக்கலாம். பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும், கலந்துவிட்டால் பிரிப்பது கஷ்டம். கழற்றும் முன், ஷாக்கின் மேல்முனையைத் தாங்கும் ஷாக் டவரில் எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது, கீழ்முனை மாட்டும் சக்கரக் கையான ஆர்மில் எந்த ஓட்டையில் இருந்தது என்று ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்த ஷாக்கை முதலில் அப்படியே துடையுங்கள். மண்ணோடு மூடியைத் திறந்தால் மண் உள்ளே விழும். பிறகு ஸ்பிரிங்கை விரல்களால் மேல்நோக்கிச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு, அடியில் இருக்கும் ஸ்பிரிங் கப்பைப் பக்கவாட்டில் உருவினால் ஸ்பிரிங் கழன்றுவிடும். இப்போது மூடியைத் திருகித் திறக்கலாம். கையால் வராவிட்டால் ஒரு ரப்பர் துண்டைச் சுற்றித் திருகுங்கள். பாடியை வெறும் பிளையரால் பிடித்தால் அலுமினியம் நசுங்கும், பிளாஸ்டிக் ஓவலாகிவிடும்.

பழைய எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டி மிச்சத்தையும் வெளியே விடுங்கள். அதன் நிறத்தைக் கவனியுங்கள். புதிய எண்ணெய் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். வெளியே வருவது சாம்பல் நிறத்தில் இருந்தால் அது பாடியும் பிஸ்டனும் தேய்ந்ததால் வந்த துகள். புதிய அலுமினிய ஷாக்கில் முதல் சில ஓட்டங்களிலேயே எண்ணெய் இப்படிக் கறுக்கும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். மணல் நறநறவென்று கையில் தட்டுப்பட்டால்தான் சிக்கல், அடியில் இருக்கும் ரப்பர் வளையம் போய்விட்டது என்று அர்த்தம்.

உள்ளே டிஷ்யூவைச் சுருட்டிவிட்டுத் துடைத்தாலே போதுமான சுத்தம் கிடைக்கும். அழுக்கு அதிகம் என்றால் பாகங்களை முதலில் துடைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். ஒரு துளி தண்ணீர் உள்ளே தங்கினாலும் எண்ணெய் கலங்கிவிடும். பிரேக் கிளீனர் போன்ற கடுமையான ஸ்பிரேக்களை ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் அடிக்காதீர்கள்.

ரப்பர் வளையங்கள்

கீழே கசிவு இல்லை, எண்ணெயில் மண் இல்லை என்றால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு நேராக நிரப்பப் போகலாம். ஒவ்வொரு தடவையும் அடிப்பகுதியைப் பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை.

பிரிக்க வேண்டி வந்தால், ஷாஃப்ட்டின் கீழ்முனையில் இருக்கும் பிளாஸ்டிக் பால் எண்டைத் திருகிக் கழற்றுவதுதான் முதல் வேலை. பலரும் ஷாஃப்ட்டைச் சாதாரண பிளையரால் கவ்விப் பிடிப்பது இங்கேதான். பிளையரின் பல் பதிந்த ஒரே ஒரு கீறல் போதும். அந்தக் கீறல் ஒவ்வொரு முறை மேலே போய்க் கீழே வரும்போதும் ஓ-ரிங்கை அறுத்துக்கொண்டே இருக்கும். பிறகு எத்தனை புது ஓ-ரிங் போட்டாலும் கசிவு நிற்காது. தனி பிளையர் இல்லாவிட்டால், தடித்த தோல் துண்டையோ ரப்பர் துண்டையோ மடித்துச் சுற்றி, பிஸ்டனுக்கு ஒட்டி இருக்கும் பகுதியில் பிடியுங்கள். அந்தப் பகுதி ஓ-ரிங் வரை வருவது அரிது.

பிஸ்டனை நட் பிடித்திருக்கும், அல்லது நகம் அளவுகூட இல்லாத, ஆங்கில E வடிவ இ-கிளிப் பிடித்திருக்கும். இ-கிளிப்பைக் கழற்றும்போது கைகளையும் ஷாஃப்ட்டையும் ஒரு பெரிய கண்ணாடிப் பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டு கழற்றுங்கள். தெறித்தாலும் பைக்குள்ளேயே இருக்கும். இந்தப் பழக்கம் எனக்கு எத்தனையோ மாலைகளை மிச்சப்படுத்தியிருக்கிறது.

பிறகு அடிமூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் ஓ-ரிங், வாஷர்கள் எந்த வரிசையில் வருகின்றனவோ அதே வரிசையில் துணியில் அடுக்கி வையுங்கள். ஷாஃப்ட்டை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்து, நகத்தால் மெல்லத் தடவுங்கள். நகத்தில் கீறல் தட்டுப்பட்டால் ஷாஃப்ட்டையே மாற்றிவிடுவது நல்லது. பிஸ்டனின் ஓரத்தில் வார்ப்புப் பிசிறு இருந்தால் கூர்மையான கத்தியால் மெதுவாக எடுத்துவிடுங்கள். வெறும் பாடிக்குள் பிஸ்டன் எங்கும் உரசாமல் தன் எடையிலேயே கீழே இறங்க வேண்டும்.

புதிய ஓ-ரிங்குகளை அதற்கென்று விற்கும் கிரீஸில் புரட்டிவிட்டுப் போடுங்கள். டீம் அசோசியேட்டட்டின் ‘கிரீன் ஸ்லைம்’ இதற்காகவே வந்த பொருள். அது இல்லாவிட்டால் ஷாக் ஆயிலே போதும், காய்ந்த ரப்பரில் மட்டும் ஷாஃப்ட்டை நுழைக்காதீர்கள். ஷாஃப்ட்டின் கீழ்முனையில் இருக்கும் மரை கத்திபோலக் கூர்மையானது. மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெல்லச் சுழற்றியபடியே உள்ளே விடுங்கள். நேராகக் குத்தித் தள்ளினால் புது ஓ-ரிங் அங்கேயே கிழியும்.

நிரப்புவது

இதுதான் முக்கியமான இடம். இங்கே அவசரப்பட்டால் மற்ற வேலை அனைத்தும் வீண்.

ஷாக்கை நிமிர்த்தி நிறுத்த ஒரு தாங்கி வேண்டும். கெட்டியான அட்டைப்பெட்டியில் பாடி நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டாலே போதும். ஷாஃப்ட்டை முழுவதும் கீழே இழுத்துவிடுங்கள். எண்ணெய் பாட்டிலைக் குலுக்காதீர்கள், குலுக்கினால் அதிலேயே குமிழி வந்துவிடும். பாடியைச் சற்றுச் சாய்த்து, எண்ணெய் உட்சுவரில் வழிந்து இறங்கும்படி மெதுவாக ஊற்றுங்கள். முக்கால் அளவு வந்ததும் நிறுத்துங்கள்.

இப்போது பிஸ்டனுக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டிருக்கும். அதை வெளியே கொண்டுவர, ஷாஃப்ட்டை மெதுவாக மேலே தள்ளி, மெதுவாகக் கீழே இழுங்கள். பத்துத் தடவை செய்யுங்கள். பிஸ்டன் எண்ணெய் மட்டத்துக்கு மேலே வந்துவிடக் கூடாது. வந்தால் திரும்ப இறங்கும்போது காற்றையும் கூட்டிக்கொண்டு போகும். வேகமாக இழுத்தாலும் இதே கதிதான். பிஸ்டன் ஓட்டைகள் வழியாகக் குமிழிகள் மணிமணியாக மேலே வருவது கண்ணுக்குத் தெரியும். சில நேரம் ஒரு பிடிவாதமான குமிழி பிஸ்டனின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பாடியின் பக்கவாட்டில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் விட்டுவிடும்.

ஷாஃப்ட்டைக் கீழே இழுத்த நிலையில் வைத்துவிட்டு, பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். எண்ணெய் கெட்டியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நேரம். கண்ணுக்குத் தெரியாத சின்னக் குமிழிகள் மேலே வருவதற்கு இந்த நேரம் தேவை. ஜோடியில் இரண்டையும் சேர்த்தே ஊற்றி நிறுத்தினால் காத்திருப்பு ஒன்றுதான். காற்றை உறிஞ்சி எடுக்கும் வெற்றிடப் பம்புகளும் கிடைக்கின்றன. ஆனால் புதிதாக ஆரம்பிக்கிறவருக்குப் பொறுமையே போதும்.

மேற்பரப்பு தெளிந்ததும், விளிம்பு வரை, எண்ணெய் லேசாக மேடு கட்டி நிற்கும் வரை நிரப்புங்கள். இனி மூடும் முறை வகைக்கு வகை மாறும்.

பிளாடர் ஷாக்கில், ரப்பரை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து வைத்து மெதுவாகப் படியவிடுங்கள். காற்று மறு ஓரம் வழியாக வெளியேறும், கூடவே கொஞ்சம் எண்ணெயும் வழியும். வழிய வேண்டும், வழிந்தால்தான் உள்ளே காற்று நிற்கவில்லை என்று தெரியும். சில ஷாக்குகளில் ரப்பர் மூடிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அப்படியென்றால் ரப்பரின் குழிவிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு மூடியைக் கவிழ்த்து வையுங்கள். மூடியின் மேல் நுண்ணிய ஓட்டை இருந்தால் அது ரப்பருக்குப் பின்னால் இருக்கும் காற்று மூச்சு விடும் வழி, அதை அடைக்காதீர்கள்.

மூடியைத் திருகும்போது ஒரு பழைய பட்டறைப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். மரை மரையில் விழும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு சின்ன அதிர்வு தெரியும். அதன் பிறகு சரியான பக்கம் திருகுங்கள். பிளாஸ்டிக் பாடியில் மரை மாறி ஏறிவிட்டால் அதைச் சரிசெய்ய வழி இல்லை, இந்தப் பழக்கம் அதிலிருந்து காப்பாற்றும்.

இரண்டு மூன்று சுற்று ஏறியதும் நிறுத்துங்கள். மூடி இன்னும் தளர்வாகத்தான் இருக்கும். இப்போது ஷாஃப்ட்டை மெதுவாக மேலே தள்ளுங்கள். மிகுதி எண்ணெய் மரை வழியாகக் கசிந்து வெளியே வரும். தள்ளிய இடத்திலேயே ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு மூடியை முழுக்க இறுக்குங்கள். இறுக்கும் முன் ஷாஃப்ட்டைக் கீழே நழுவ விட்டால் வெளிக்காற்றை அது உள்ளே உறிஞ்சிவிடும், பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு தூரம் தள்ளுவது என்பதைக் கையேடு சொல்லும். முழுவதும் உள்ளே தள்ளி மூடினால், பிறகு அழுத்திவிட்டால் ஷாஃப்ட் தானாக வெளியே வருவது மிகக் குறைவாக இருக்கும். பாதியில் மூடினால் கொஞ்சம் வெளியே வரும். கையேடு இல்லாவிட்டால் முக்கால் தூரம் தள்ளி மூடுங்கள்.

எமல்ஷன் ஷாக்கில் உச்சி ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, மூடியின் உட்பக்கத்திலும் சில சொட்டு எண்ணெய் விட்டு, மூடியை முழுக்கத் திருகுங்கள். பிறகு ஷாஃப்ட்டை மெதுவாக மேலே தள்ளினால் ஸ்க்ரூ ஓட்டை வழியாகக் குமிழியும் எண்ணெயும் வெளியே வரும். பெரும்பாலான கையேடுகளில் ஷாஃப்ட் முழுவதும் உள்ளே இருக்கும் நிலையில் ஸ்க்ரூவைப் போடச் சொல்வார்கள். உங்கள் கையேடு வேறு நிலையைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஸ்க்ரூவோடு வரும் குட்டி ஓ-ரிங் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு காணாமல் போகும், கண் வைத்திருங்கள்.

மாட்டுவதற்கு முன்

வெளியே துடைத்துவிட்டு, ஸ்பிரிங் போடாமலேயே சோதியுங்கள். ஷாஃப்ட்டை முழுவதும் உள்ளே தள்ளுங்கள். கடைசி வரை சீராகப் போக வேண்டும். கடைசிச் சில மி.மீ.இல் கல்லில் முட்டியதுபோல் நின்றால் எண்ணெய் அதிகம். வலுக்கட்டாயமாகத் தள்ளாதீர்கள், பிளாடர் கிழியும், இல்லாவிட்டால் ஓட்டும்போது மூடி பிடுங்கிக்கொண்டு போகும். மூடியைத் தளர்த்தி இன்னும் கொஞ்சம் எண்ணெயை வெளியே விடுங்கள். அடுத்து, காதுக்கு அருகில் வைத்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பிளாடர் ஷாக்கில் சத்தமே வரக் கூடாது. வந்தால் திறந்து திரும்ப நிரப்புங்கள். எனக்குக் கைப்பழக்கம் வந்த பிறகும் சில நேரம் இரண்டாம் தடவை திறக்க வேண்டியிருக்கிறது.

பிறகு ஜோடிச் சோதனை. இடது ஷாக்கையும் வலது ஷாக்கையும் எதிரெதிராக வைத்து, பால் எண்டோடு பால் எண்டை முட்டவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே விசையில் அழுத்துங்கள். இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் உள்ளே போக வேண்டும். ஒன்று முந்திக்கொண்டு போனால் அதில் காற்று இருக்கிறது, அல்லது எண்ணெய் குறைவு. கையை விட்டதும் இரண்டும் ஒரே தூரம் வெளியே வருகின்றனவா என்றும் பாருங்கள். ஷாக் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. எந்தக் கருவியும் வேண்டாம், ஆனால் பொய் சொல்லாது. எண்ணெய் எண்ணைப் பற்றி மூளையைக் குழப்பிக்கொள்வதைவிட இடதும் வலதும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துக்கொள்வதுதான் காரை நேராக ஓட வைக்கும். கூடவே இரண்டு ஷாக்கின் நீளத்தையும் அளந்து பாருங்கள். பால் எண்ட் ஒரு சுற்று கூடுதலாக ஏறியிருந்தால் அந்தப் பக்கம் தாழ்ந்து நிற்கும்.

ஸ்பிரிங்கைப் போட்டுக் காரில் மாட்டுங்கள். பேட்டரியையும் வைத்துவிட்டு, ஓர் அங்குலம் உயர்த்தி விட்டுவிட்டு, காரை முன்னும் பின்னும் உருட்டி நிலைக்கு வரவிடுங்கள். மண் தரைக் காரில் பின்பக்கச் சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டுகள் தரைக்கு இணையாக நிற்கும் உயரம் ஆரம்பத்துக்குச் சரியாக இருக்கும். உயரத்தை மாற்ற ஷாக்கின் மேல் ஸ்பிரிங்கைத் தாங்கி நிற்கும் வளையமான காலரைத் திருகுங்கள், அல்லது கூடவே வரும் பிளாஸ்டிக் வளையங்களை மாட்டுங்கள். காலரை இறக்கினால் கார் உயரும், அவ்வளவுதான். ஸ்பிரிங் கெட்டியாகாது.

கடைசியாக, காரைத் தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் சமமாகப் பிடித்து விடுங்கள். முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் அமுங்கி, துள்ளாமல் நிற்க வேண்டும். துள்ளினால் எண்ணெயை ஒரு படி கெட்டியாக்குங்கள். அமுங்காமல் கட்டைபோல் விழுந்தால் ஒரு படி தண்ணியாக்குங்கள். பிஸ்டன் ஓட்டையின் அளவை மாற்றியும் இதே பலனைப் பெறலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சின்ன ஓட்டையும் தண்ணியான எண்ணெயும் சேர்ந்தால், மெல்ல அசையும்போது இலகுவாக இருக்கும் ஷாக், மேட்டிலிருந்து வேகமாக விழும்போது திடீரென்று இறுகும். குதித்து ஓட்டுபவருக்கு அது உதவும், பள்ளம் மேடு நிறைந்த தரையில் ஓட்டுபவருக்கு இடைஞ்சல். எண்ணெயை மட்டும் மாற்றிக் காரின் போக்கைப் பழகிய பிறகு பிஸ்டனைத் தொடுங்கள்.

பராமரிப்பு

புதிய காரென்றால் நாலைந்து பேட்டரி சார்ஜ் தீரும் அளவு ஓடியதுமே முதல் எண்ணெயை மாற்றிவிடுங்கள். அதில்தான் தேய்மானத் துகள் அதிகம். அப்புறம் பொழுதுபோக்காக ஓட்டுபவருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். புழுதியிலோ சேற்றிலோ ஓட்டினால் அதற்கு முன்பே. பந்தயத்துக்குப் போகிறவர்கள் பந்தயத்துக்குப் பந்தயம் மாற்றுவார்கள். நாட்கணக்கைவிட முதல் பத்தியில் சொன்ன உள்ளங்கைச் சோதனையை நம்புங்கள்.

ஷாஃப்ட்டில் மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரிவது கசிவல்ல, ஓ-ரிங் வழுக்கிப்போக அது தேவை. ஷாஃப்ட்டைச் சுற்றி ஈர மண் சேறுபோல் அப்பியிருந்தால்தான் கசிவு. கீழே கசிந்தால் ஓ-ரிங்கையும் ஷாஃப்ட் கீறலையும் பாருங்கள். மேலே கசிந்தால் பிளாடர் மடிந்தோ கிழிந்தோ இருக்கும், அல்லது மூடி கோணலாக ஏறியிருக்கும். மேலே கசிகிறது என்று மூடியை இன்னும் இன்னும் இறுக்குவது பயன் தராது, ரப்பர் பிதுங்கி நிலைமை மோசமாகும். திறந்து, துடைத்து, ரப்பரைச் சரியாக உட்கார வைத்து மூடுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஷாஃப்ட்டுகளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஷாஃப்ட்டில் ஒட்டிய மணல்தான் ஓ-ரிங்கின் முதல் எதிரி. காரை வாரக்கணக்கில் சும்மா வைப்பதென்றால், சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டில் வையுங்கள், ஸ்பிரிங்குகள் சுமை இல்லாமல் இருக்கும். எமல்ஷன் ஷாக் போட்ட கார் வெகுநாள் நின்றிருந்தால், எண்ணெயும் காற்றும் பிரிந்திருக்கும். ஓட்டும் முன் நான்கு மூலையையும் பத்துத் தடவை அழுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

எண்ணெய் மாற்றிய தேதி, முன்பக்க எண், பின்பக்க எண் மூன்றையும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் எழுதிக் காரின் பாடி ஷெல்லுக்கு உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.